அறிவொளியும் வசூலும்: மேற்கு ஜேர்மனியப் பாலியற் படங்கள் (1967–1980) பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பியச் சினிமாவின் வரலாற்றை எழுதுவோர் 1960-களையும் 1970-களையும் பெரும்பாலும் பேர்க்மன், கொடார்ட், பசோலினி, ஃபாஸ்பைண்டர் ஆகிய கலைஞர்களின் காலமாகவே காட்டுவர். கலை வரலாறு என்ற வகையில் அக்கணிப்பிற் பிழையில்லை. ஆயின், அதே ஆண்டுகளில் அதே நகரங்களின் அரங்குகளுக்குச் சென்ற பொதுமக்கள் எவற்றைப் பார்த்தனர் என்று வினவுமிடத்து விடை வேறாகின்றது. கோபன்ஹேகன் முதல் உரோமாபுரி வரை, இலண்டன் முதல் முனிச் வரை, அரங்குகளின் கணிசமான பங்கினைப் பிடித்திருந்தவை குறைந்த செலவில் விரைந்து எடுத்து முடிக்கப்பட்ட பாலியல் நகைச்சுவைப் படங்களும், பரபரப்பொன்றையே மூலதனமாகக் கொண்ட பிற வணிகப் படங்களுமேயாகும்.

இப்படங்களை மீட்டெடுத்துப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், உயர்ந்த இலக்கியம் மட்டுமன்றி மலிவுப் பதிப்புகளும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றுக்குச் சான்றாவது போலவே, இத்தகைய படங்களும் தம் காலத்தைப் பற்றிச் சான்று பகர்கின்றன. அவை தோன்றியமைக்கு வழக்கமாக இரு விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. மாணவர் கிளர்ச்சியோடும் கருத்தடை மாத்திரையோடும் வந்த விடுதலையுணர்வின் விளைவே இவை என்பது ஒன்று. ஒழுக்கச் சீர்குலைவின் அடையாளமே இவை என்பது மற்றையது. முன்னையது முற்போக்காளர் சிலர் கூறியது. பின்னையது திருச்சபைகளும் பழைமை பேணுவோரும் கூறியது. ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றும் இவ்விரு விளக்கங்களும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே மக்களின் மனநிலையை மட்டும் நோக்குகின்றன. அரங்கின் வருமானம், தணிக்கையின் நடைமுறை, அரசு வழங்கிய நிதியுதவி ஆகியவற்றை நோக்கத் தவறுகின்றன.

இக்குறையை நீக்கி நோக்குவதற்கு மேற்கு ஜேர்மனி மிகப் பொருத்தமான களமாகும். அங்கேதான் இவ்வகைப் படங்கள் பெருந்தொகையாக உற்பத்தியாயின. அங்கேதான் அவை ‘அறிவொளி’ என்னும் பெயரையே சூடிக்கொண்டன. ஜேர்மன் மொழியில் ‘அவுஃப்கிளேருங்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. 1784 இல் தத்துவஞானி இமானுவேல் கான்ட் விளக்கம் கூற முற்பட்ட அறிவொளி இயக்கத்தையும் அச்சொல் குறிக்கும். இளையோருக்குப் பாலியல் அறிவு புகட்டுவதையும் அதே சொல் குறிக்கும். இவ்விரட்டைப் பொருளே திரைப்படத் தயாரிப்பாளருக்கு வாய்ப்பாக அமைந்தது.

1. வெறுமையுற்ற அரங்குகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய மேற்கு ஜேர்மனியில் திரைப்படமே மக்களின் முதன்மையான பொழுதுபோக்காக விளங்கியது. 1956 இல் ஏறத்தாழ 81 கோடியே 70 இலட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. அதுவே உச்சம். அதன் பின்னர் வீழ்ச்சி தொடங்கியது. 1970 இல் விற்பனையான சீட்டுகள் ஏறத்தாழ 16 கோடி மட்டுமே. பதினான்கு ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கினர் அரங்கை விட்டு அகன்றனர் எனலாம். இதே காலப்பகுதியில் அரங்குகளின் தொகையும் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது.

இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம் தொலைக்காட்சி. 1952 இன் நத்தார்த் தினத்தன்று முறையான ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. 1957 இல் உரிமம் பெற்ற பெட்டிகள் பத்து இலட்சத்தை எட்டின. 1963 ஏப்ரலில் இரண்டாவது அலைவரிசையும் தொடங்கியது. 1970 அளவில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட இல்லங்களில் பெட்டி இருந்தது. குடும்பமாக அரங்கிற்கு வந்தோர் குடும்பமாகவே வீட்டில் தங்கினர். மோட்டார் வண்டியும் விடுமுறைப் பயணமும் எஞ்சிய பார்வையாளரையும் ஈர்த்தன.

அரங்க உரிமையாளர் முன் எழுந்த வினா எளிமையானது: வீட்டில் இலவசமாகக் கிடைக்காத எதனை அரங்கு வழங்கமுடியும்? ஹொலிவுட் இவ்வினாவிற்கு அகன்ற திரையினாலும் பெருஞ்செலவுக் காவியங்களினாலும் விடை கூற முயன்றது. அத்தகைய மூலதனம் இல்லாத ஜேர்மனியத் தயாரிப்பாளர், பொதுத்துறை நிறுவனங்களால் நடத்தப்பட்ட தொலைக்காட்சி காட்ட இயலாத ஒன்றைத் தேடினர். பாலியல் விடயம் அவ்வாறு கிடைத்ததே. எனவே இப்படங்களின் முதற் காரணத்தைப் பார்வையாளரின் ஆசையில் மட்டுமன்றி, அரங்கை விட்டு அகன்ற பார்வையாளரின் வெற்றிடத்திலும் தேடுதல் வேண்டும்.

2. தடையும் சாட்டும்

நாட்சி ஆட்சியின் அனுபவத்தை நினைவிற்கொண்டு, 1949 இல் இயற்றப்பட்ட மேற்கு ஜேர்மனிய அடிப்படைச் சட்டத்தின் 5 ஆம் உறுப்புரை தணிக்கை இராது என்று உறுதி கூறியது. ஆயினும் அதே ஆண்டில் வீஸ்பாடன் நகரில் திரைப்படத்துறையின் ‘தன்னார்வச் சுயகட்டுப்பாட்டு’ அமைப்பு நிறுவப்பட்டது. திரைப்படத்துறையினரோடு அரசினதும் திருச்சபைகளினதும் பிரதிநிதிகளும் அதன் குழுக்களில் அமர்ந்தனர். பெயரளவில் அது தணிக்கையன்று. நடைமுறையில் அதன் அனுமதியின்றி ஒரு படத்தை அரங்குகளுக்கு அனுப்புதல் அரிதாகவே இருந்தது.

1951 இல் வெளிவந்த ‘பாவப்பெண்’ என்னும் படம் முதலாவது பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது. நடிகை ஹில்டகார்ட் கினெஃப் ஒரு கணம் ஆடையின்றித் தோன்றியதும், விபசாரமும் தற்கொலையும் கதையில் இடம்பெற்றதும் திருச்சபைகளின் எதிர்ப்பைக் கிளறின. சில இடங்களில் படம் தடைசெய்யப்பட்டது. ஆனால் 1954 இல் சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் திரைப்படமும் கலைச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியதே எனத் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகளின் பின், 1964 இல், இங்மர் பேர்க்மனின் ‘மௌனம்’ வெட்டின்றி அனுமதிக்கப்பட்டபோது சர்ச்சை மீண்டும் மூண்டது. ‘தூய திரை இயக்கம்’ என்னும் பெயரில் ஷ்வைன்ஃபேர்ட் நகரில் தொடங்கிய எதிர்ப்பு நாடெங்கும் கையொப்பங்களைத் திரட்டியது. கலைச் சுதந்திரத்தை ஒழுக்க நெறிக்குக் கட்டுப்படுத்துமாறு அடிப்படைச் சட்டத்தையே திருத்தவேண்டும் என்ற கோரிக்கை வரை விடயம் சென்றது. கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் ‘மௌனம்’ படத்திற்குத் திரண்ட பெருங்கூட்டத்தைத் தயாரிப்பாளர்கள் கவனிக்கத் தவறவில்லை. கடினமான ஒரு கலைப்படத்தைக் காண இத்துணைப் பேர் வந்தனரெனின், அவர்களுட் பலர் கலைக்காக வரவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிபு.

இவ்விடத்தில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. 1960-களின் நடுப்பகுதியில் தடை முற்றாக அகன்றுவிடவுமில்லை, முற்றாக நின்றுவிடவுமில்லை. பாலியல் விடயத்தைக் காட்டலாம். ஆனால் காட்டுவதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். கலை ஒரு காரணமாக இருந்தது. அறிவூட்டல் மற்றொரு காரணமாயிற்று. அதாவது, தணிக்கை ஒரு சாட்டினைக் கேட்டது. வணிகம் அச்சாட்டினை வழங்கியது.

இது முற்றிலும் புதியதன்று. முதலாம் உலகப் போரின் முடிவில், 1918 நவம்பரில் தணிக்கை நீக்கப்பட்டது. 1920 மே மாதத்துத் திரைப்படச் சட்டம் அதனை மீண்டும் கொணர்ந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் ‘அறிவொளிப் படங்கள்’ என்னும் ஒரு வகை பேர்லினில் பெருகியது. அவ்வகையின் முன்னோடியான இயக்குநர் றிச்சட் ஒஸ்வால்ட் 1919 இல் எடுத்த ‘ஏனையோரினின்று வேறானோர்’ என்னும் படத்தில், மருத்துவ ஆய்வாளர் மக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் தாமே மருத்துவராகத் தோன்றி, ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 175 ஆம் பிரிவுக்கு எதிராக வாதிட்டார். அங்கே மருத்துவரின் மேடை உண்மையான ஒரு வழக்கிற்கான மேடையாக இருந்தது. ஆயின் அதே காலத்தில் அதே மேடையைப் பணத்துக்காகப் பயன்படுத்தியோரும் இருந்தனர். அறிவூட்டலும் அதன் போலியும் ஒரே வேளையில் பிறந்தவை என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

3. அமைச்சின் படமும் அதன் வாரிசுகளும்

1967 இல் வெளிவந்த ‘ஹெல்கா’ என்னும் படமே புதிய அலையின் தொடக்கம். அதனை எடுப்பித்தது ஆபாச வணிகர் எவருமல்லர்; சமஷ்டி அரசின் சுகாதார நிர்வாகமே. அமைச்சர் கேட்டே ஸ்ட்ரோபல் பாலியற் கல்வியில் உண்மையான அக்கறை கொண்டிருந்தார். எரிச் பெண்டரின் இயக்கத்தில், ரூத் காஸ்மன் நடித்த இப்படம் ஓர் இளம்பெண்ணின் திருமணம், கருத்தரிப்பு, பேறு ஆகியவற்றை விளக்கமுறையிற் கூறியது. குழந்தை பிறக்கும் காட்சி மறைவின்றிக் காட்டப்பட்டது. அக்காட்சியைக் கண்டு அரங்குகளில் ஆடவர் சிலர் மயங்கி விழுந்ததாக அக்காலச் செய்திகள் கூறின. பல இலட்சம் மக்கள் படத்தைப் பார்த்தனர். பிற நாடுகளிலும் அது ஓடியது. மறு ஆண்டே ‘ஹெல்காவும் மிக்கேலும்’ என்னும் தொடர்ச்சியும், அதனையடுத்து இன்னொன்றும் வந்தன.

இப்படத்திற்கு இருந்த தேவையைக் குறைத்து மதிப்பிடலாகாது. கருத்தடை மாத்திரை மேற்கு ஜேர்மனியில் 1961 இல் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அதனைப் பற்றித் தாய் மகளோடு பேசும் வழக்கம் வரவில்லை. பாடசாலைகளிற் பாலியற் கல்வியை அறிமுகப்படுத்துமாறு மாநிலக் கல்வியமைச்சர்களின் மாநாடு பரிந்துரைத்தது 1968 இலேயே ஆகும். அதுவரை ஒரு தலைமுறை, தன் உடலைப் பற்றிய அறிவை வம்புப் பேச்சிலிருந்தே பெற்றுவந்தது.

இத்தேவையை நன்கு உணர்ந்திருந்த மற்றொருவர் பத்திரிகையாளர் ஒஸ்வால்ட் கொல்லே. வாரச் சஞ்சிகைகளில் அவர் எழுதிய தொடர்கள் முன்னரே புகழ்பெற்றிருந்தன. 1968 இல் வெளிவந்த ‘அன்பின் அற்புதம்’ முதலாக 1972 வரை எட்டுப் படங்கள் அவர் பெயரோடு வெளிவந்தன. முதற் படத்தில் கொல்லேயுடன் ஹன்ஸ் கீஸே, வொல்ஃப்கங் ஹொக்ஹைமர் ஆகிய பேராசிரியர்கள் அமர்ந்து உரையாடுகின்றனர். அவ்வுரையாடலின் பின்னரே நடித்துக் காட்டப்படும் தம்பதியரின் கதை தொடங்கும். கணவன் மனைவியின் உணர்வை மதித்தல் வேண்டும் என்பதே அவரது செய்தியின் சாரம். மணவாழ்வுக்குள் நின்று, மணவாழ்வைக் காக்கும் பொருட்டுக் கூறப்பட்ட செய்தி அது. இன்று அப்படங்களை நோக்குவோர்க்கு அவற்றின் துணிவைக் காட்டிலும் அவற்றின் பாடப்புத்தகத் தோரணையே முதலிற் புலப்படும். எனினும் கட்டுப்பாட்டுக் குழுவினரோடு அவர் காட்சிக்குக் காட்சி வாதாட வேண்டியிருந்தது. பேராசிரியர்கள் படத்தில் இடம்பெற்றமை அவ்வாதத்திற்கும் துணையாயிற்று.

இவ்வாறாக ஒரு வடிவம் நிலைபெற்றது. முதலில் மேசைக்குப் பின்னால் அமர்ந்த அறிஞர். பின்னர் அவர் விளக்கத்துக்கு எடுத்துக்காட்டாக நடிக்கப்பட்ட காட்சி. அறிஞரின் பேச்சு காட்சிக்கு அனுமதிச்சீட்டு. இவ்வடிவத்திலிருந்து அறிஞரைச் சுருக்கிக் காட்சியைப் பெருக்குவதே அடுத்த கட்டமாக இருந்தது.

4. ‘அறிக்கை’ என்னும் வடிவம்

அக்கட்டத்தை நிறைவேற்றியவர் முனிச் நகரத் தயாரிப்பாளர் வொல்ஃப் ஹார்ட்விக். 1953 இலேயே ஹிட்லரின் ஆட்சி பற்றிய ஓர் ஆவணப் படத்தைத் தயாரித்துச் சர்ச்சையைச் சந்தித்தவர் அவர். ‘ஆவணம்’ என்ற சொல்லின் சந்தைப் பெறுமதியை அறிந்தவர். 1970 இல் கியூந்தர் ஹுனோல்ட் என்பவர் பள்ளி மாணவியர் சிலரைப் பேட்டி கண்டு எழுதிய நூலொன்றின் உரிமையை அவர் வாங்கினார். ஏர்ன்ஸ்ட் ஹொஃப்பவரின் இயக்கத்தில் ‘பாடசாலைச் சிறுமியர் அறிக்கை’ அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளிவந்தது. மேற்கு ஜேர்மனியில் மட்டும் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பார்த்தனர் என்பர். 1980 வரை பதின்மூன்று பகுதிகள் தொடர்ந்தன. ‘இல்லத்தரசியர் அறிக்கை’, ‘கணவர் அறிக்கை’, ‘தாதியர் அறிக்கை’ எனப் பிற தயாரிப்புகளும் அதே பெயர் முறையைப் பின்பற்றின.

படத்தின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. பெற்றோரும் ஆசிரியரும் கூடிய ஒரு கூட்டம், ஒழுக்கம் பற்றிய விவாதம், ஒலிவாங்கியோடு தெருவில் நிற்கும் நிருபர், வழிப்போக்கரின் விடைகள், இவற்றுக்கிடையே நடிக்கப்பட்ட தனித்தனிக் கதைகள். நிருபராகத் தோன்றிய ஃபிரீட்றிக் ஃபொன் தூன் ஒரு நடிகர். தொலைக்காட்சிச் செய்தியாய்வின் மொழி முழுவதும் இங்கே இரவல் பெறப்பட்டிருந்தது. அரங்கைக் காலியாக்கிய தொலைக்காட்சியின் வடிவத்தையே எடுத்து, அது காட்ட இயலாததைக் காட்டி, அரங்கை நிரப்பினர்.

இப்படங்கள் இருவகைப் பார்வையாளரையும் ஏககாலத்திற் திருப்தி செய்தன. புதுமையை விரும்புவோனுக்கு ‘இளைய தலைமுறையைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்ற உரை இருந்தது. பழைமையை விரும்புவோனுக்கு, தவறு செய்தவள் துன்புறும் முடிவு இருந்தது. ஒரு கதையில் இன்பமாகக் காட்டப்பட்டது மறுகதையில் எச்சரிக்கையாகியது. ஆதலால் இவை பழைய ஒழுக்க நெறியை எதிர்த்த படங்கள் எனக் கூறுதல் பொருந்தாது. அந்நெறியிடமிருந்தே இவை தம் கவர்ச்சியைக் கடன் வாங்கின. தடை இல்லாத இடத்தில் மீறலுக்கு விலையில்லை.

இவ்விடத்து மழுப்பாமற் கூறவேண்டிய ஒன்றுண்டு. பாடசாலைப் பருவத்தையே விற்பனைப் பொருளாக்கியது இத்தொடரின் அடிப்படைக் குற்றம். ‘அறிக்கை’ என்ற பெயரோ, நிருபரின் ஒலிவாங்கியோ அதனை நியாயப்படுத்தமாட்டா. பாதுகாக்கப்பட வேண்டிய வயதினரை ஆராய்ச்சிப் பொருள் என்ற பெயரில் வளர்ந்தோரின் பார்வைக்கு வைத்தமை, அறிவொளி என்ற சொல் எத்துணைத் தூரம் திரிக்கப்பட்டது என்பதற்கு மிகக் கடுமையான சான்றாகும்.

5. மண்வாசனையின் மறுபக்கம்

‘அறிக்கை’ப் படங்களோடு இணையாக வளர்ந்தது நகைச்சுவைப் படம். அதன் வேர் வேறிடத்தில் உள்ளது. 1950-களில் மேற்கு ஜேர்மனியரின் பெருவிருப்புக்குரியதாக இருந்தது ‘ஹைமாட்’ படம். தாயக மண்ணின் படம், நம் வழக்கில் மண்வாசனைப் படம் எனலாம். 1950 இல் ‘கருங்காட்டு மங்கை’, 1951 இல் ‘பசிய புல்வெளி’ ஆகியன வெளிவந்து பெருங்கூட்டத்தை ஈர்த்தன. குண்டுவீச்சிற் சிதைந்த நகரங்களில் வாழ்ந்தோர்க்கும், கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோர்க்கும் மலையும் காடும் தேவாலய மணியோசையும் ஆறுதல் அளித்தன.

இருபது ஆண்டுகளின் பின் அதே பவேரிய மலையடிவாரத்தில், அதே விடுதிகளின் முன்னால், அதே தோற் காற்சட்டையும் கிராமியப் பாவாடையும் அணிந்த பாத்திரங்களோடு வேறொரு படம் எடுக்கப்பட்டது. 1969 இல் மேற்பவேரியாவைப் பெயரிலேயே கொண்ட ஒரு படமும், 1973 இல் ஃபிரான்ஸ் மரிஷ்கா இயக்கிய ‘தோற் காற்சட்டையிலிருந்து காதல் வாழ்த்துக்கள்’ என்னும் படமும் இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். பின்னையதன் பெயர் ஜேம்ஸ் பொண்ட் படமொன்றின் ஜேர்மன் பெயரைக் கேலிசெய்வது. நகரத்திலிருந்து வந்த விருந்தினன், ஏமாற்றப்படும் கணவன், கள்ளத்தனமாக ஏறப்படும் ஏணி, தவறுதலாகத் திறக்கப்படும் கதவு என இவற்றின் உத்திகள் நாட்டார் கேலிக்கூத்துகளுக்கு உரியவை. 1950-களின் பொழுதுபோக்குப் படங்களை எடுத்த கலைஞருட் சிலரே இவற்றையும் எடுத்தனர். ஆதலால் இவ்வகையை 1968 இன் கிளர்ச்சியின் பிள்ளை எனக் கொள்வதைக் காட்டிலும், நலிவுற்ற மண்வாசனைப் படத்தின் பிள்ளை எனக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

இத்தொழிலின் இயல்பை நன்கு காட்டுபவர் அலொயிஸ் புரும்மர். பார ஊர்திகளைக் கொண்டு தொழில் நடத்தியவர். பின்னர் அரங்க உரிமையாளராகி, அதன்பின் தயாரிப்பாளரானவர். சரக்கு ஏற்றி இறக்குவதிலும் படம் எடுப்பதிலும் அவருக்கு அதிக வேறுபாடு தோன்றவில்லை. ஹன்ஸ் யூர்கன் சிபர்பேர்க் 1969 இல் அவரைப் பற்றியே ஓர் ஆவணப் படத்தை எடுத்தார். முனிச்சின் புறநகரான பாசிங்கின் பெயர் அதன் தலைப்பில் உள்ளது. அவ்வணிகத்தை அருகிருந்து நோக்கிய சமகாலச் சான்று என்ற வகையில் அப்படம் வரலாற்று மாணவனுக்குப் பெரிதும் பயன்படும்.

6. பொதுப்பணத்தின் பங்கு

இதுவரை கூறியவற்றுள் பலரும் அறியாத ஒரு காரணம் இனிக் கூறப்படுகின்றது. 1962 பெப்ரவரியில் ஓபர்ஹௌசன் குறும்பட விழாவில் 26 இளம் படைப்பாளிகள் ஓர் அறிக்கையை வெளியிட்டு, பழைய சினிமா இறந்துவிட்டதென அறிவித்தனர். அவர்களது கோரிக்கையின் விளைவாக 1965 இல் இளஞ் சினிமாவிற்கு உதவும் ஒரு நிதியம் உருவாயிற்று. அலெக்சாண்டர் குளூகேயின் முதற் பெரும்படம் அந்நிதியின் துணையோடு 1966 இல் வெளிவந்தது. ஆனால் திரைப்படத் தொழிலின் பழைய அமைப்புகள் வாளாவிருக்கவில்லை. அவர்களின் அழுத்தத்தினால் 1967 இன் இறுதியில் திரைப்பட ஊக்குவிப்புச் சட்டம் நிறைவேறி, 1968 தொடக்கம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின்படி விற்பனையாகும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டிலிருந்தும் பத்துப் ஃபெனிக் அறவிடப்பட்டது. அவ்வாறு திரண்ட நிதி தயாரிப்பாளர்களுக்கு வழங்கப்பட்டது. யாருக்கு? இரண்டு ஆண்டுகளுள் ஐந்து இலட்சம் மார்க்கு வசூலை எட்டிய படத்தின் தயாரிப்பாளருக்கு, அவரது அடுத்த படத்துக்காக. அதாவது ஏற்கெனவே வென்றவனுக்கே உதவி. முதற் படம் எடுக்க முனைவோனுக்கு இதனாற் பயனில்லை; விரைவில் எடுத்து விரைவில் வசூலிக்கும் தொடர்ப்படத் தயாரிப்பாளனுக்கே பயன். கலையை வளர்க்க எழுந்த கோரிக்கையின் பயனாக வந்த சட்டம், அதன் தொடக்க ஆண்டுகளில், தாழ்ந்த வணிகத்துக்கு ஊட்டமளித்தது. 1970-களில் தரக்குறைவான படங்களை விலக்கும் திருத்தங்கள் செய்யப்பட்டன. தொலைக்காட்சி நிறுவனங்களோடு 1974 இல் ஏற்பட்ட உடன்படிக்கை கலைப்படைப்பாளிகளுக்கு வேறொரு வழியைத் திறந்தது.

பிரித்தானியாவிலும் இதனையொத்த நிலையைக் காணலாம். ‘ஈடி வரி’ எனப்பட்ட அறவீடு 1950 இல் தொடங்கி 1985 வரை நீடித்தது. வசூலுக்கேற்பத் தயாரிப்பாளருக்குப் பங்கு தந்த இவ்வேற்பாட்டினால், 1974 இல் வெளிவந்த ‘சாளரம் துடைப்பவனின் பாவசங்கீர்த்தனம்’ போன்ற நகைச்சுவைப் படங்களும் பயன்பெறக்கூடியதாக இருந்தது. பிரான்சு எதிர்த் திசையிற் சென்றது. 1975 டிசெம்பர்ச் சட்டம் வெளிப்படையான பாலியற் படங்களைத் தடைசெய்யவில்லை. அவற்றை அரசின் உதவி நிதியிலிருந்து விலக்கி, மிகை வரியை விதித்தது. தணிக்கையாளன் செய்துவந்ததை வரி அதிகாரி செய்யத் தொடங்கினான். இம்மூன்று நாடுகளின் அனுபவமும் ஒரே உண்மையை உணர்த்துகின்றது. எப்படம் தழைக்கும், எப்படம் நலியும் என்பதை ஒழுக்கச் சட்டத்தைக் காட்டிலும் நிதிச் சட்டம் ஆழமாக நிர்ணயித்தது.

7. அண்டை நாடுகள்

டென்மார்க் 1967 இல் எழுத்திலும் 1969 இல் படத்திலும் ஆபாசத் தடையை நீக்கியது. வளர்ந்தோருக்கான திரைப்படத் தணிக்கையும் 1969 இல் ஒழிந்தது. மறு ஆண்டிலேயே பல்லேடியம் நிறுவனம் ‘கட்டிலோர’ நகைச்சுவைப் படங்களைத் தொடங்கியது. அதே நிறுவனமே 1955 இலும் 1964 இலும் கார்ல் டிரையரின் ‘வார்த்தை’, ‘கேர்ட்றூட்’ ஆகிய பெரும் படைப்புகளை வெளியிட்டது என்பது சிந்திக்கத்தக்கது. இத்தாலியில் பசோலினி 1971 இல் பொக்காச்சியோவின் ‘டெக்கமெரன்’ கதைகளைப் படமாக்கியதும், அதன் கலைநோக்கத்தை விடுத்துப் புறத்தோற்றத்தை மட்டும் நகல்செய்த படங்கள் பல குவிந்தன. உடலின் எளிய மகிழ்ச்சியை வணிகத்திற்கு எதிரான ஆயுதமெனக் கருதிய பசோலினி, அவ்வாயுதமே வணிகத்தின் கைக்குச் சென்றதைக் கண்டு, 1975 இல் தம் மூன்று படங்களையும் பகிரங்கமாகக் கைவிட்டார். பிரான்சில் 1974 இல் வெளிவந்து பாரிஸ் அரங்கொன்றில் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிய ‘இம்மானுவேல்’ பாங்கொக் நகரைக் களமாகக் கொண்டது. அங்கே ஆசிய நாடொன்றும் அதன் மக்களும் ஐரோப்பியரின் விடுதலைக்கு வெறும் பின்னணித் திரையாக்கப்பட்டனர். பிராங்கோவின் ஸ்பெயினிலோ, தடைசெய்யப்பட்ட படங்களைக் காண மக்கள் எல்லை கடந்து பிரெஞ்சு நகரான பேர்ப்பினியானுக்குச் சென்றனர். 1977 இல் அங்கு தணிக்கை ஒழிந்தபோது, அரசியல் விடுதலையும் ஆடை களைந்த நடிகையின் படமும் ஒரே பத்திரிகைக் கடையில் ஒருங்கே தொங்கின.

8. சட்டம் மாறியது, படம் மாறவில்லை

மேற்கு ஜேர்மனியில் உண்மையான மாற்றம் திரைக்கு வெளியே நிகழ்ந்தது. 1969 இல் மணமுறைக்குப் புறம்பான உறவு குற்றமாகக் கொள்ளப்படுவது நீக்கப்பட்டது. 175 ஆம் பிரிவும் தளர்த்தப்பட்டது. ஹிர்ஷ்ஃபெல்ட் வாதிட்டு ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அதே ஆண்டில், ‘ஃபனி ஹில்’ நாவல் பற்றிய வழக்கில், வளர்ந்த குடிமக்கள் மீது ஒழுக்க நெறியைத் திணிப்பது குற்றவியற் சட்டத்தின் பணியன்று என உச்ச நீதிமன்றம் கூறியது. 1972 இல் வளர்ந்தோருக்கான படங்களை ஆராயும் குழுக்களிலிருந்து அரசின் பிரதிநிதிகள் விலகினர். 1973 இன் சீர்திருத்தம் குற்றவியற் சட்டத்தில் ‘ஒழுக்கத்துக்கு எதிரான குற்றங்கள்’ என்றிருந்த தலைப்பைப் ‘பாலியற் சுயநிர்ணயத்துக்கு எதிரான குற்றங்கள்’ என மாற்றியது. இத்தலைப்பு மாற்றம் சிறிதன்று. சமூகத்தின் மானம் என்பதிலிருந்து தனி மனிதரின் உரிமை என்பதற்குச் சட்டத்தின் நோக்கு நகர்ந்தது.

படங்களோ பழைய தலைப்பின் கீழேயே நின்றன. அவற்றிற் பெண்ணுக்கு ஆசை உண்டு, தீர்மானம் இல்லை. ‘இல்லத்தரசியர் அறிக்கை’ ஓடிய 1971 இல், மனைவி வெளியே தொழில் செய்வது குடும்பக் கடமைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற விதி குடியியற் சட்டத்தில் இருந்தது. அது 1977 வரை நீடித்தது. அதே 1971 ஜூனில் 374 பெண்கள் தாம் கருச்சிதைவு செய்துகொண்டதாக ஒரு சஞ்சிகையிற் பெயர்பட அறிவித்து, அதனைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்தனர். இல்லத்தரசியரின் உண்மையான அறிக்கை அதுவேயாகும். அச்சஞ்சிகை ‘ஸ்டேர்ண்’. 1978 இல் அதே சஞ்சிகையின் அட்டைப்படங்கள் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்று பெண்ணிய எழுத்தாளர் அலிஸ் ஷ்வார்ட்சரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தனர். வழக்கில் அவர்கள் தோற்றனர். எனினும் அதுவரை ஒழுக்கவாதிகளின் தனியுரிமையாக இருந்த விமர்சனம், இப்போது உரிமையின் மொழியிற் பேசப்பட்டது.

1975 இன் தொடக்கத்தில் வளர்ந்தோருக்கான ஆபாசப் படைப்புகள் மீதான பொதுத் தடை நீங்கியது. கட்டணத்தின் பெரும்பகுதி படத்துக்கென அறவிடப்படலாகாது என்ற நிபந்தனை எஞ்சியது. சில அரங்குகள் நுழைவுச்சீட்டோடு பானமொன்றையும் சேர்த்து விற்று அதனைக் கடந்தன. சாட்டுத் தேவைப்படாத நிலையில், சாட்டையே உயிராகக் கொண்டிருந்த ‘அறிக்கை’ப் படத்துக்கு வேலையில்லாது போயிற்று. பேராசிரியரும் நிருபரும் திரையிலிருந்து மறைந்தனர். வீடியோ நாடா எஞ்சிய பார்வையாளரையும் வீட்டுக்கு அழைத்துச் சென்றது. ஹார்ட்விக் தம் வருவாயின் துணையோடு 1977 இல் சாம் பெக்கின்பாவின் ‘இரும்புச் சிலுவை’ என்னும் பெருஞ்செலவுப் போர்ப்படத்தைத் தயாரித்தார். 1984 இல் தனியார் தொலைக்காட்சி தொடங்கிய பின், பழைய தோற் காற்சட்டைப் படங்கள் பின்னிரவு நிகழ்ச்சிகளாக மீண்டும் தோன்றின. எந்தத் தொலைக்காட்சிக்கு எதிராக அவை உருவாயினவோ, இறுதியில் அத்தொலைக்காட்சியிலேயே அவை அடங்கின.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தணிக்கை நீங்கியதனால் இப்படங்கள் தோன்றின என்ற கூற்று அரைப்பங்கு உண்மையே என்பது தெளிவாகும். தணிக்கை நீங்கிக்கொண்டிருந்த, ஆனால் நீங்கிவிடாத ஓர் இடைக்காலத்தின் விளைபொருள் இவை. வெறுமையுற்ற அரங்கு தேவையை உண்டாக்கியது. தயங்கிய சட்டம் வடிவத்தை வகுத்தது. வசூலுக்கே பரிசளித்த நிதியுதவி பெருக்கத்தை உறுதி செய்தது. இதனைக் கொண்டு தணிக்கையே நன்று என முடிவு கட்டுதல் தவறாகும். தணிக்கை கேட்ட சாட்டே இப்போலிகளை வளர்த்தது. ஹிர்ஷ்ஃபெல்டின் உண்மையான வாதத்தை 1920 இல் மௌனமாக்கியதும் தணிக்கையே. ஆனால் தடையை நீக்குவதோடு விடுதலை நிறைவெய்திவிடும் என்று எண்ணுதலும் தவறாகும். யார் பணம் வழங்குகின்றார், எதற்குப் பரிசளிக்கப்படுகின்றது, திரையில் தோன்றுவோர்க்குத் தம்மைப் பற்றித் தாமே கூறும் உரிமை உண்டா என்னும் வினாக்கள் எஞ்சியே நிற்கும். தன் சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணிதலே அறிவொளி எனக் கான்ட் கருதினார். அச்சொல்லைத் தாங்கிய இப்படங்கள் பார்வையாளரிடம் அத்துணிவைக் கோரவில்லை. நுழைவுச்சீட்டின் விலையை மட்டுமே கோரின. அத்துணிவு வெளிப்பட்டது நீதிமன்றத் தீர்ப்புகளிலும், வகுப்பறையிலும், தம் பெயரை அச்சிற் கொடுத்த 374 பெண்களின் கையொப்பங்களிலுமே ஆகும்.